கைக்காசு போட்டு ஒரு புத்தகம்



சில மாதங்களாக எங்கள் இதழுக்கு வரும் தபாலில் கதையும் கவிதையும் ஒரு பக்கம் இருக்க, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "புத்தகம் போடலாம் என்று இருக்கிறேன். காசு கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?" பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொட்டகலையிலிருந்து ஒரு பல்கலைக்கழக மாணவர் கேட்டிருக்கிறார். மஸ்கெலியாவில் முன்பள்ளி நடத்தும் தங்கை ஒருவர், தமக்கு வந்த விலைப்பட்டியலையே படியெடுத்து அனுப்பிவிட்டார். வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று வகை. வைரத்துக்குக் காசு கட்டினால் அட்டை வடிவமைப்பு, சர்வதேச நூல் எண், "உலகெங்கும் விற்பனை", ஒரு சான்றிதழ், ஒரு கேடயம். கேடயம் என்ற சொல்லுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு, "சேர், இதுவும் வேணுமா?" என்று கேட்டிருக்கிறார்.

தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்தில் எல்லாருக்குமாக எழுதுவது நல்லது என்று பட்டது. இன்னும் கேட்காமல் மனதுக்குள் வைத்திருப்பவர்களும் இருப்பீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக் காசில் புத்தகம் போடுவது வெட்கப்படவேண்டிய காரியமே இல்லை. மலையகத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் போட்டார்கள். பதிப்பகம் ஒன்று தேடிவந்து, கையெழுத்துப் பிரதியை வாங்கி, முன்பணம் கொடுத்து, புத்தகத்தைக் கையில் தந்த கதையை நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நம் மக்களின் நிலையைப் பார்த்து எழுதிய கோ. நடேசய்யர் பத்திரிகையும் தானே நடத்தினார், நூல்களும் தானே வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் 1940இல் கொண்டுவந்த பாட்டுப் புத்தகத்துக்கும் எந்தப் பெரிய பதிப்பகமும் பின்னால் நிற்கவில்லை. பாட்டைக் கட்டி, அச்சடித்து, கூட்டங்களில் பாடியே மக்களிடம் கொண்டுபோனார். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நம் இலக்கிய வரலாற்றை எழுதிய சாரல் நாடன், சாரல் வெளியீட்டகம் என்று தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டு நூல்களைக் கொண்டுவந்தார். அவர் எழுதிய நூல்கள் இல்லாவிட்டால் நடேசய்யரைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

மலைக்கு வெளியேயும் இதே கதைதான். பாரதியார் 1920இல் தம் எழுத்துகளை நாற்பது தொகுதிகளாக, தொகுதிக்குப் பத்தாயிரம் பிரதியாக அச்சிடத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். கடனும் சேரவில்லை, தொகுதிகளும் வரவில்லை, அடுத்த ஆண்டே அவரும் போய்விட்டார். பிரான்சில் மார்செல் புரூஸ்ட் தம் பெருநாவலின் முதல் பாகத்தை 1913இல் பதிப்பகத்துக்குச் செலவுப் பணம் கட்டித்தான் வெளியிட்டார். முதலில் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய பதிப்பகமே பிறகு அவரை அழைத்துக்கொண்டது. ஆனால் புரூஸ்ட் வசதியான வீட்டுப் பிள்ளை. நமது ஆசிரியர் சேமலாப நிதியில் கைவைக்கிறார். தங்கை நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். ஆகவே காசு கட்டுவது சரியா பிழையா என்பதைவிட, யாருக்குக் கட்டுகிறோம், எதற்குக் கட்டுகிறோம், பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் நமக்கு முக்கியம்.

அதைப் பார்ப்பதற்கு, பிறர் எழுத்துக்குத் தம் காசைப் போட்டவர்களை முதலில் நினைத்துப் பார்க்கவேண்டும். கொஞ்சப் பேர்தான். ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் மலையக இலக்கியம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அலுமாரியில் பாதி காலியாக இருக்கும்.

வீரகேசரி நிறுவனம் மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்ற கதைகளைத் திரட்டி 1971இல் 'கதைக்கனிகள்' என்று வெளியிட்டது. பிறகு மலிவு விலையில் நாவல்களைத் தொடர்ந்து போட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் அப்படி வந்ததுதான். பத்திரிகை போகும் வழியிலேயே புத்தகமும் போனது. எந்த டவுனில் பத்திரிகை முகவர் இருந்தாரோ அங்கே நாவலும் கிடைத்தது. இது சும்மா நடக்கவில்லை. அந்தக் காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளுக்கும் நூல்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வாசகர்கள் உள்ளூர் எழுத்தைத் தேடினார்கள். 1977க்குப் பிறகு கதவு திறந்துவிடப்பட்டது, சென்னைப் புத்தகங்கள் வந்து குவிந்தன, உள்ளூர் நாவல் வரிசைகள் ஓய்ந்துபோயின. ஒரு பதிப்பகம் உயிரோடு இருப்பதற்கு ஆசிரியரின் திறமை மட்டும் போதாது, சந்தை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நம்மிடம் இல்லை.

அந்தக் கஷ்டகாலத்தில்தான் மு. நித்தியானந்தன் 'வைகறை' பதிப்பகத்தைக் கொண்டு நடத்தினார். 1979இல் தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', 1980இல் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', 1981இல் சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்'. மூன்று ஆண்டுகளில் மூன்று புத்தகங்கள், மூன்றும் இன்றுவரை பேசப்படுகின்றன. இராமையாவின் அந்தத் தலைப்புக் கதை 1961இல் பத்திரிகையில் வந்தது. புத்தகமாக ஏறக்குறைய இருபது வருஷம் காத்திருந்தது. ஈழத்தின் நல்ல சிறுகதைகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இடம்பிடிக்கும் கதைக்கே இந்த நிலை. தம் கதைகளைத் தாமே காசு போட்டு அச்சிட இராமையா ஓடித்திரியவில்லை. ஒருவேளை வைகறை வந்திருக்காவிட்டால் அந்தக் கதைகள் பழைய பத்திரிகைக் கட்டுகளோடு செல்லரித்துப் போயிருக்கும். நினைக்கவே எனக்கு மனம் பதறுகிறது.

பிறகு துரைவி பதிப்பகம். கொழும்பு வர்த்தகர் துரை விஸ்வநாதன் 1997இல் இரண்டு தொகுப்புகள் கொண்டுவந்தார். 'மலையகச் சிறுகதைகள்' தொகுப்பில் 33 கதைகள், 'உழைக்கப் பிறந்தவர்கள்' தொகுப்பில் 55 கதைகள். எண்பத்தெட்டுக் கதைகளையும் தேடிச் சேர்த்த உழைப்பு தெளிவத்தை ஜோசப்புடையது. யாரோ ஒரு வாசகர் வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டு, யாரோ ஓர் ஆசிரியர் வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய சஞ்சிகை என்று கதைகளைக் கண்டெடுக்க வேண்டிய நிலைதான் நம் எழுத்துக்கு இருந்தது. அந்தத் தொகுப்புகளில் இடம்பெற எந்த எழுத்தாளரும் ஒரு சதம் கட்டவில்லை. துரை விஸ்வநாதன் 1998இல் காலமானார். இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு தனி மனிதர் இவ்வளவு செய்தார் என்பதை எந்த மேடையிலும் சொல்ல நான் தயங்கமாட்டேன்.

இவர்கள் செய்தது என்ன? காசு போட்டது ஒரு பங்குதான். தெரிந்தெடுத்தார்கள். இந்தக் கதை வேண்டும், அந்தக் கதை வேண்டாம் என்றார்கள். அச்சுப் பிழை பார்த்தார்கள். கடைக்கு அனுப்பினார்கள், விமர்சகர்களுக்கு அனுப்பினார்கள். நட்டம் வந்தால் அது அவர்களுடைய நட்டம். காசு கட்டி வெளியிடும்போது இந்த வேலை முழுவதும் எழுத்தாளர் தலையில் வந்து விழுகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. நீங்கள் காசு கட்டும் நிறுவனம் உங்கள் கதை நன்றாக இல்லை என்று ஒருபோதும் சொல்லாது. மூன்றாவது அத்தியாயத்தை வெட்டுங்கள் என்றும் சொல்லாது. அதற்கு உங்கள் புத்தகம் விற்கவேண்டிய அவசியம் இல்லை, விற்கவேண்டியதை அது உங்களிடமே விற்றுவிட்டது.

தங்கை அனுப்பிய பட்டியலுக்கு வருகிறேன். அதில் பெரிதாகக் காட்டப்பட்டிருக்கும் சர்வதேச நூல் எண் நமக்குக் கொழும்பிலேயே கிடைக்கிறது. தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு எழுத்தாளரே நேரடியாக விண்ணப்பித்துப் பெறலாம். இலங்கைக்குரிய எண்கள் 978-955 என்றும் 978-624 என்றும் தொடங்கும். உங்கள் பெயரில் எண் வாங்கினால் வெளியீட்டாளர் நீங்கள். அவர்கள் பெயரில் வாங்கினால் வெளியீட்டாளர் அவர்கள். "உலகெங்கும் விற்பனை" என்பது பெரும்பாலும் இணையக் கடை ஒன்றில் உங்கள் அட்டைப்படம் தெரியும் என்ற அளவுதான். யாராவது வாங்கினால் ஒரு பிரதி அடித்து அனுப்புவார்கள். அது தப்பில்லை, ஆனால் அதை விற்பனை ஏற்பாடு என்று நம்பி நகையை அடகு வைக்கக்கூடாது. கேடயம் வேண்டாம் தங்கை.

உரிமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருக்கே பதிப்புரிமை. அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 70 வருஷமும் அது அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உரியது. எங்கும் பதியவேண்டிய தேவைகூட இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியும். காசும் உங்களுடையது, உரிமையும் அவர்களுக்கு என்று எழுதியிருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மறுபதிப்பு, மொழிபெயர்ப்பு, மின்நூல், நாடகம் எல்லாம் எத்தனை வருஷத்துக்கு, யாரிடம் என்று தனித்தனியாக எழுதியிருக்கவேண்டும். உரிய முறையில் நூல் வெளியிடும் பதிப்பகம் உங்களிடம் காசு கேட்காது. விற்ற விலையில் வழமையாகப் பத்து வீதம்போல உங்களுக்குத் தரும். அந்தப் பத்து வீதத்தைக் கையில் வாங்கியவர்கள் நம் பக்கத்தில் குறைவு என்பதும் உண்மை. பலருக்குப் பணத்துக்குப் பதிலாகப் பிரதிகளைத்தான் கட்டிக் கொடுக்கிறார்கள்.

அச்சகத்துக்கே நேராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அச்சுக்காரர் பதினாறு பக்கத்தை ஒரு பாரம் என்று கணக்குப் பார்ப்பார். 96 பக்கம் என்றால் ஆறு பாரம் சரியாக முடியும். நூறு பக்கம் என்றால் அந்த நாலு பக்கத்துக்காகத் தனியே கூலியும் தாளும் போகும். நாலு பக்கம் குறைக்க முடியாத கவிதைத் தொகுதியை நான் இதுவரை பார்த்ததில்லை. எழுத்துக்கோப்பு, தகடு, அட்டை வடிவமைப்பு எல்லாம் 300 பிரதிக்கும் ஒரே செலவு, ஆயிரம் பிரதிக்கும் ஒரே செலவு. அதனால்தான் "ஆயிரம் அடித்தால் பிரதிக்கு மலிவு" என்று ஆசை காட்டுவார்கள். மலிவுதான். ஆனால் மிஞ்சும் எழுநூறு பிரதி எங்கே போகும்? லயத்துக் காம்பராவில் கட்டிலுக்கடியில் போகும். நம் மலைக் குளிரும் மழையும் உங்களுக்குத் தெரியும். ஆனி ஆடி மழையில் பெட்டியின் அடித்தட்டு நனைந்து, தாள் அலையலையாக நெளிந்து, முதுகுப் பசை விட்டு, அட்டையில் பூஞ்சணம் பூத்த புத்தகக் கட்டுகளை நான் ஒன்றிரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து பாடம் படிக்கின்றன. எழுதியவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முந்நூறு அடியுங்கள். போதாவிட்டால் மறுபடி அடிக்கலாம். டிஜிட்டல் அச்சில் நூறு பிரதிகூட அடித்துத் தருகிறார்கள், பிரதிக்கு விலை கொஞ்சம் கூடும், கடன் கூடாது.

நம் நாட்டில் அச்சுச் செலவு திரும்பி வருவது பெரும்பாலும் புத்தகக் கடை வழியாக அல்ல, வெளியீட்டு விழா வழியாகத்தான். அந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மேடையில் முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள். பிறகு ஊரார் வரிசையாக வந்து கடித உறையை வைத்துவிட்டுப் பிரதி வாங்கிப் போவார்கள். மூலையில் ஒருவர் சி.ஆர். கொப்பியில் பெயரையும் தொகையையும் குறிப்பார், நாளை அவர்கள் வீட்டு விழாவுக்கு நாமும் போய் வைக்கவேண்டும் அல்லவா? கல்யாணத்து மொய்போல இதுவும் ஒருவரையொருவர் தூக்கிவிடும் வழிதான். புரவலர் ஹாசிம் உமர் போன்றவர்கள் எத்தனையோ மேடைகளில் முதற்பிரதி வாங்கி எழுத்தாளரின் சுமையைக் குறைத்திருக்கிறார்கள். என் கவலை வேறு. உறையை வைத்துவிட்டுப் போகிறவர் புத்தகத்தைப் படிக்கிறாரா? விழா முடிந்த மறுநாள் அந்த நூலைப் பற்றி ஒரு வரியாவது பேசப்படுகிறதா? கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு விழா, ஹட்டனில் ஒரு விழா என்று மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் வடைக்கும் செலவழிக்கிற காசில், பாதியைப் பிழை திருத்துபவருக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும் புத்தகங்கள் எங்கள் மேசைக்கு நிறைய வருகின்றன. முதல் பக்கத்திலேயே ஒற்றுப்பிழை இருந்தால் வாசகர் இரண்டாம் பக்கத்துக்குப் போகமாட்டார்.

காசு கட்டாமல் முடியுமா என்று கேட்கிறீர்கள். வழிகள் இருக்கின்றன, ஒடுக்கமான வழிகள். தேசிய நூலக சபைக்கு நூல் வெளியீட்டு உதவித் திட்டம் ஒன்று உண்டு. கையெழுத்துப் பிரதி தெரிவானால் அச்சிடக் கைகொடுப்பார்கள். ஹாசிம் உமரின் புரவலர் புத்தகப் பூங்கா, முதல் நூலைப் போட வழியில்லாத எழுத்தாளர்களுக்கென்றே தொடங்கப்பட்டது. கொடகே நிறுவனம் கையெழுத்துப் பிரதிகளுக்குப் போட்டி வைக்கிறது, தமிழுக்கும் அதில் இடமுண்டு. சிங்களப் பதிப்புலகில் பெரிய பெயர் பெற்ற ஒரு நிறுவனம் தமிழ் நூல்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருப்பதை நம்மவர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு வழி பழையது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டபோது கையில் காசில்லை. புத்தகம் வருமுன்னே கையொப்பம் வாங்கினார். வாங்குகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களின் பலத்தில்தான் அந்த நூல் வெளிவந்தது. அதை நாமும் செய்யலாம். நூறு பேர் முன்கூட்டியே பிரதி விலையைக் கொடுத்தால் அச்சுக்கூலியில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். நூறு பேர் சேராவிட்டால், இன்னும் கொஞ்சநாள் பத்திரிகைகளில் எழுதி வாசகரைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். எதுவானாலும் கடன்படுமுன் தெரிந்துவிடும்.

வாசகர்களாகிய உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். 2022இல் தாள் தட்டுப்பாட்டில் சில பத்திரிகைகளே அச்சாகாமல் நின்றன, பரீட்சைகள்கூடத் தள்ளிப்போயின. அதன்பின் தாள் விலை பழைய இடத்துக்கு இறங்கவே இல்லை. 2024 ஜனவரியில் புத்தகத்தின்மீதும் 18 வீத வற் வரி விழுந்தது. இன்று ஒரு சின்னக் கவிதைத் தொகுதி வாங்கவே அரைப்பேர்ச் சம்பளம், அதாவது தோட்டத்தில் அரைநாள் கூலி, வேண்டும். கொழுந்தெடுத்துவிட்டு வரும் ஒரு அக்காவிடம் போய் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மாதச் சம்பளக்காரர்களான ஆசிரியர்கள், உத்தியோகத்தர்கள், கொழும்பில் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் வாங்கலாம். வாங்கி ஒரு பிரதியைத் தாங்கள் படித்த தோட்டப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுக்கலாம். அந்தப் பாடசாலைகளில் சிலவற்றில் நூலகம் என்று பெயர்ப்பலகை இருக்கிறது, உள்ளே பழைய பாடப்புத்தகங்கள்தான் இருக்கின்றன. கதை படிக்கும் வயதில் கதை கிடைக்காத பிள்ளை பிறகு எந்தப் பதிப்பகத்துக்கும் வாசகராகப் போவதில்லை.

எப்படிப் போட்டாலும், புத்தகம் வந்தவுடன் சில பிரதிகளைக் காப்பகங்களுக்கு ஒதுக்கிவிடுங்கள். என். செல்வராஜா 'நூல்தேட்டம்' தொகுதிகளில் ஈழத்துத் தமிழ் நூல்களை ஆயிரம் ஆயிரமாகப் பதிந்து வருகிறார். நூலகம் நிறுவனம் 2005 முதல் நம் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. முந்நூறு பிரதி அடித்து முந்நூறையும் விழாவில் கொடுத்து முடித்து, பத்து வருஷம் கழித்து எழுதியவர் வீட்டிலேயே ஒரு பிரதி இல்லாமல் போன நூல்கள் மலையகத்தில் உண்டு. அப்படித் தொலைந்துபோகவிருந்த கதைகளைத் தேடிச் சேர்க்கத்தான் தெளிவத்தையார் அவ்வளவு உழைக்கவேண்டியிருந்தது.

எங்களால் முடிந்ததை நாங்களும் செய்ய நினைக்கிறோம். பதிப்பகம் தொடங்கும் வசதி எங்களுக்கு இல்லை. ஆனால் படித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த இதழ் முதல், புத்தகம் போட நினைக்கும் வாசகர்களின் கையெழுத்துப் பிரதியை எங்கள் ஆசிரியர் குழுவில் இருவர் படித்து, எது நிற்கும், எது வெட்டப்படவேண்டும் என்று எழுத்தில் தருவார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. புகழ்ச்சியும் எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு வந்த ஒப்பந்தத்தின் படியையும் சேர்த்து அனுப்பினால், எங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவர் உரிமைப் பகுதியைப் பார்த்துச் சொல்ல முன்வந்திருக்கிறார். முன்கையொப்பம் சேர்க்க விரும்புகிறவர்களின் நூல் விவரத்தை இதழில் அரைப்பக்கம் இலவசமாகப் போடுவோம்.

பிரதியைத் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள், அல்லது தட்டச்சுச் செய்து அனுப்புங்கள். மூலப்பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு படியை மட்டும் தபாலில் சேருங்கள். பதில் கிடைக்கும்வரை யாருக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்